சத்தமா எண்ணுங்க

டிரைவர் வாய்விட்டு ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண்ணியதை, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் மனைவி முதன்முதலாகக் கேட்டாள்.

கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். இடது முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். முழங்காலால் அந்தத் துண்டைக் கீழே அமுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்திருந்து, பிறகு விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் தொடை எலும்பு இரண்டாக முறிந்து, உள்ளே நீளத்துக்குக் கம்பி செருகியிருந்த காலுக்கு அதுவே பெரும்பாடாக இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"மூச்ச அடக்காதீங்க," என்றாள் பிசியோ. "சத்தமா எண்ணுங்க. எண்ணினா மூச்சு தானா வரும்."

டிரைவர் உதட்டை அசைத்தார்.

"உதட்டுல இல்ல. எனக்குக் கேக்கணும். அந்தக் கடைசியில உட்கார்ந்திருக்காங்களே மீன்காரம்மா, அவங்களுக்கும் கேக்கணும்."

"எனக்கு ஒரு காது மந்தம்," என்றாள் மீன்காரம்மா அங்கிருந்தே. "பார்த்து எண்ணுங்க."

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

கட்டைக் குரல். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்ததுபோல் ஒரு கரகரப்பு. கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த அவளுக்கு, இந்தக் குரலை மறந்தே போயிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது அந்த அறை. முன்பு சாமான் போட்டு வைத்த இடம் என்று சொன்னார்கள். உயரத்தில் ஒரே வரிசையாக ஜன்னல்கள். நடுவில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு இரும்புக் கம்பிகள், தண்டவாளம்போல இணையாக ஓடின. எத்தனையோ பேர் கை பட்டு அவை பளபளத்தன. கம்பிகள் முடிகிற இடத்தில் ஆளுயரக் கண்ணாடி. மூலையில் ஐந்து படி ஏறி ஐந்து படி இறங்கும் மரப்படிக்கட்டு ஒன்று, எங்கும் போய்ச் சேராமல் நின்றது. எல்லாவற்றுக்கும் நடுவில் பிசியோ வளைய வந்துகொண்டிருந்தாள். குள்ளமாக, உருண்டையாக, முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நிமிஷம் வாய் மூட மாட்டாள்.

மீன்காரம்மா நாற்பது வருஷம் குந்தி உட்கார்ந்து மீன் வெட்டியே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவள். ஒன்றை மாற்றியாயிற்று, இன்னொன்று பாக்கி. டிரைவர் எண்ணி முடித்துக் கண்ணை மூடியபோது அவள் இவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள்.

"தினமும் நீயே கூட்டிட்டு வர்றியாம்மா?"

"ஆமா."

"உன்ன மாதிரி பொண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். என் வீட்டுக்காரன் என்ன ஆட்டோவுல ஏத்திவிட்டு டாட்டா காட்டிட்டான். கதவு வரைக்கும் வந்ததே பெருசு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று மீன்காரம்மா நினைத்திருப்பாள். விஷயம் அதுவல்ல. டிரைவர் விழுந்த அன்று காலையில், விழுவதற்குச் சரியாக இருபது நிமிஷத்துக்கு முன்னால், அவரை விட்டுப் போகப்போவதாக அவள் சொல்லியிருந்தாள்.

*

டிரைவர் பேச மாட்டார் என்பது பஸ் டிப்போ முழுக்கத் தெரிந்த சங்கதி. "எங்க வண்டியில ஹாரன்தான் பேசும்," என்பார் அவரோடு ஓடிய கண்டக்டர். கோபமோ திமிரோ இல்லை. குடியும் கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. காலையில் நாலரைக்குப் போனால் மத்தியானம் வருவார். மத்தியானம் போனால் ராத்திரி வருவார். வைத்ததைச் சாப்பிடுவார். உப்பு கூடினாலும் ஒரு வார்த்தை இல்லை, குறைந்தாலும் ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கெல்லாம் ஒரு "ம்". அந்த "ம்" ஒன்றை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தை ஓட்டிவிட்டார்.

மகள் வீட்டில் இருந்தவரைக்கும் அது தெரியவில்லை. அவள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசினாள். அப்பா சொல்லாததை அம்மாவுக்கும் அம்மா கேட்காததை அப்பாவுக்கும் அவளே சொல்லிவிடுவாள். கல்யாணமாகி அவள் தூர ஊருக்குப் போனதும் வீட்டிலிருந்த பேச்சும் கூடவே போய்விட்டது. முதல் ஆறு மாசம் அது மகள் நினைப்பு என்று இவள் எண்ணிக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள், குழாயில் தண்ணீர் நின்றபோது அந்த அமைதி சட்டென்று காதில் வந்து உட்கார்ந்தது. பஞ்சு அடைத்ததுபோல. அதற்கப்புறம் அது விலகவேயில்லை.

அக்கா வேறு ஊரில் தையல்கடை வைத்திருந்தாள். போனில் அவளிடம்தான் சொன்னாள்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"வேற யாராவது…?"

"சேச்சே."

"அப்புறம் என்னடி?"

"காது அடைக்குதுக்கா."

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். அப்புறம், "சரி, வா. காஜா போட, பட்டன் தைக்க ஆள் வேணும்னு நானே தேடிட்டிருக்கேன். ஆனா அவர்கிட்டச் சொல்லிட்டு வா. சொல்லாம வராத," என்றாள்.

சொன்னாள். டிரைவர் வார விடுமுறையில் வீட்டிலிருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தார். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இந்தத் தடவை திரும்பி வர்றதா இல்ல," என்றாள். எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். வெளியே வந்தபோது பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல ஒலித்தது. டிரைவர் டம்ளரைப் பார்த்தார். மிச்சத்தைக் குடித்தார். "சரி," என்றார். எழுந்து போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிகிற சத்தம் கேட்டது. மிதவையைச் சரி பண்ண இரும்பு ஏணியில் ஏறினார்.

மூட்டை விழுந்ததுபோலத் தொம்மென்று ஒரு சத்தம்.

அவள் முதலில் அடுப்பை அணைத்தாள். அப்புறம்தான் ஓடினாள். அடுப்பை அணைத்தது தப்பில்லை, யாராக இருந்தாலும் செய்வதுதான். ஆனாலும் அந்தத் திருகைத் திருப்பிய கை எவ்வளவு நிதானமாக இருந்தது என்பது பிறகு பல நாள் அவள் நினைவுக்கு வந்தது.

*

சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பு வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகள், வெந்நீரில் புரண்டு, பிழிந்து, சூடான உருளைகளுக்குள் நுழைந்து தகடுபோல வெளியே வரும். அவற்றை இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. ஒரு உதறு, மூலையோடு மூலை சேர்த்து, ஒருத்தி முன்னால் வந்து இன்னொருத்தி கையில் கொடுத்து, குனிந்து தொங்கலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். ஒரு ஷிப்டுக்கு அறுநூறு விரிப்பு. நீராவியில் உள்ளங்கை வெந்து தோல் உரியும்.

எதிரே நின்று மடித்தவளுக்கு நெட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் அவ்வளவு உயரம். இரண்டு வாரம் விடுப்புக்குப் பிறகு இவள் வேலைக்குத் திரும்பியபோது நெட்டைதான் மேஸ்திரியிடம் மல்லுக்கு நின்று காலை அரை ஷிப்டாக மாற்றி வாங்கிக் கொடுத்தாள்.

"அழுதியா?" என்றாள் நெட்டை, மூலையைக் கொடுத்தபடி.

"இல்ல."

"ஆபரேஷன் அன்னிக்காவது?"

"இல்லடி."

"அழுதுடு. உள்ள வச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது."

"உள்ள எதுவும் இல்ல. இருந்தாத்தானே வெளிய வரும்."

நெட்டை விரிப்பின் அந்தப் பக்கத்திலிருந்து அவளை எட்டிப் பார்த்தாள். "என்னமோ போ. நீயும் அவர மாதிரியே ஆயிட்ட," என்றாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். இவள் கை ஒரு கணம் நின்றது. பின்னால் உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்து குவியத் தொடங்கியதும் மறுபடி ஓடியது.

பதினொன்றரைக்கு ஷிப்டு முடியும். வீட்டுக்கு வந்து அவரைச் சக்கர நாற்காலியில் இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, ஒன்றரைக்கு பிசியோவிடம். மூன்று மணிக்கு வீடு. சோறு, முட்டை, கீரை. அக்கா வாரம் ஒரு தடவை போன் செய்வாள். "எப்ப?" என்பாள். "நடக்கட்டும்," என்பாள் இவள். ஒருவித ஒப்பந்தம் அது. ஒரு மனுஷனைப் படுக்கையில் போட்டுவிட்டுப் போக முடியாது. நடந்துவிட்டால் போகலாம். தன் வேலை அவரை நடக்க வைப்பது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டாள். விரிப்பு மடிப்பதுபோல அதையும் செய்தாள்.

*

வீட்டிலும் பயிற்சி இருந்தது. கட்டில்மேல் வழவழப்பான பலகை ஒன்றைப் போட்டு, பவுடர் தூவி, குதிகாலை அதன்மேல் வழுக்கி வழுக்கி மடக்கி நீட்ட வேண்டும். காலை இருபது, மாலை இருபது. சொன்னதைச் செய்கிற ஆள் டிரைவர். சத்தமாக எண்ணச் சொன்னார்கள், எண்ணினார். அடுப்படியில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "பதினொண்ணு… பன்னெண்டு…" என்று வரும். வலி வந்த இடத்தில் எண் இழுபடும். பதினாறில் ஒரு நாள் நின்றுவிட்டது. அவள் கத்தியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து "பதினேழு" வந்தது. மறுபடி கத்தியை எடுத்தாள்.

எட்டாவது வாரம் பிசியோ உடம்பு எடை பார்க்கிற மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கம்பிகளுக்கு நடுவில் போட்டாள்.

"இன்னிக்கு இடது கால் தரையத் தொடப்போகுது. ஆனா இருபது கிலோதான். முள்ளு இருபதத் தாண்டக் கூடாது. தாண்டினா எலும்பு கோவிச்சுக்கும். எல்லாரும் மொதல்ல பயந்துட்டு அஞ்சு வைப்பாங்க, அப்புறம் தடால்னு அம்பது வைப்பாங்க. ஒரு வாரம் ஆகும் பழக. மெதுவா…"

டிரைவர் இரு கையாலும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மெஷின்மேல் வைத்தார். முள் நகர்ந்தது. பத்து. பதினைந்து. இருபதில் போய் நின்றது. அசையவில்லை.

பிசியோ குனிந்து பார்த்தாள். "எடுங்க. மறுபடி வைங்க. கீழ பார்க்காதீங்க, கண்ணாடியப் பாருங்க."

மறுபடி இருபது. மூன்றாவது தடவையும் இருபது.

"என்னங்க இது?" என்றாள் பிசியோ.

டிரைவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடியே, "பாதி கிளட்ச்," என்றார்.

அறையே சிரித்தது. மீன்காரம்மா கைதட்டினாள். ஒரு "ம்"மோடு நிறுத்தாமல் அவர் சொன்ன வார்த்தை அது. முப்பது வருஷமாக இந்த இடது கால் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கிளட்சை அளந்து அமுக்கியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கால் என்ன வேலை செய்தது என்பதை அதுவரை அவள் யோசித்ததில்லை. சிரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் முகத்துக்கு வழி மறந்துபோயிருந்தது.

*

அதன் பிறகு மளமளவென்று முன்னேறுவார் என்று பிசியோ சொன்னாள். ஆனால் வீட்டில் எதுவும் மாறவில்லை. பன்னிரண்டு வாரம் ஆயிற்று, பதினாலு ஆயிற்று. வாக்கரை விட்டு அவர் கை எடுக்கவில்லை. கட்டிலிலிருந்து எழ அவள் தோள் வேண்டும். குளியலறை வரைக்கும் பின்னாலேயே போக வேண்டும். அவளுக்கு வலது தோள்பட்டை விட்டுப்போய், விரிப்பை உதறும்போதெல்லாம் சுளீரென்று இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் இப்போது கண்டக்டர் தன் ஸ்கூட்டரில் வந்து கூட்டிப்போனார். அந்த நேரத்தில் அவள் முழு ஷிப்டுக்குத் திரும்பியிருந்தாள்.

ஒரு நாள் மருந்துச்சீட்டு வாங்க அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோ வழியில் மடக்கினாள்.

"என்னம்மா, வீட்ல எப்படி? மாடிப்படி ஏறச் சொல்லுங்க. இங்க அஞ்சு படியும் ஏறி இறங்குறார். கோலக்கூட ஓரமா வச்சிட்டு ரெண்டு சுத்து வர்றார். எங்க ஆளுங்கள்ல இப்ப அவர்தான் ஹீரோ."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான். ஏன், வீட்ல நடக்கலையா?"

"நடக்குறார்," என்றாள் அவள். அவ்வளவு சீக்கிரம் பொய் வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போலத் தோளைக் கொடுத்தாள். வழக்கம்போல அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு நாள் கழித்து சலவைக்கூடத்தில் பாய்லர் நின்றுபோய் எல்லோரையும் பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்தவள் கதவைத் தட்டாமல் ஜன்னல் பக்கம் போனாள்.

டிரைவர் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தார். வாக்கரும் இல்லை, கோலும் இல்லை. ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு. குதிகாலை முதலில் ஊன்றி, பிறகு விரல்களை ஊன்றி, பிசியோ சொல்லிக்கொடுத்த மாதிரியே. கொஞ்சம் சாய்வு இருந்தது, அவ்வளவுதான். ஜன்னல் பக்கமாக வந்து, தொட்டியில் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். நிமிர்ந்தபோது வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். செம்பிலிருந்து மிச்சத் தண்ணீர் அவர் பாதத்தில் சொட்டியது.

டிரைவரே வந்து கதவைத் திறந்தார்.

*

"எத்தன நாளா?" என்றாள், செருப்பைக் கழற்றாமலே.

"பதினெட்டு நாள்."

"என் தோள் கழண்டு போச்சு. ராத்திரி புரண்டு படுக்க முடியல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ம்."

"இந்த 'ம்' வேணாம். இன்னிக்கு ஒரு நாள் இந்த 'ம்' எனக்கு வேணாம்."

டிரைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. தாடை அசைந்தது. துண்டை அமுக்கும்போது எப்படி நெற்றி நரம்பு புடைக்குமோ அப்படிப் புடைத்தது.

"அன்னிக்குக் காலையில நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு," என்றார்.

"'சரி'ன்னீங்க."

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல. தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேனே." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான் வேணும்னு விழல. அத நீ நெனச்சிருப்ப. கேக்கல, ஆனா நெனச்சிருப்ப. ஏணியில பாசி. வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்."

"நெனச்சேன்," என்றாள் அவள்.

"ஆனா கீழ கிடந்தேன் பாரு. வலி உயிர் போகுது. அப்ப ஒண்ணு தோணுச்சு. இன்னிக்கு இவ போக முடியாதுன்னு. நிம்மதியா இருந்துச்சு. அந்த வலியிலயும் நிம்மதியா இருந்துச்சு. அத நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நடந்துட்டா நீ கிளம்பிடுவ. அதான்… மெதுவா நடந்தேன். தினமும் காலையில, நாளைக்குச் சொல்லிடலாம்னு நெனப்பேன். நீ வந்து தோளக் குடுப்ப. சொல்ல வராது."

இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். இல்லாவிட்டால் அழுகை வரும் என்று. பஸ் நின்றுபோன தடத்தில் நிற்பதுபோல நின்றாள். எதுவும் வரவில்லை. வயிறு மட்டும் பசித்தது.

"சாப்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

ரொட்டியைச் சுட்டு, முட்டை பொரித்து, இரண்டு தட்டில் வைத்தாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முட்டையில் உப்பு போட மறந்திருந்தாள். முதல் வாய் வைத்ததுமே தெரிந்தது. அவர் சொல்கிறாரா என்று பார்த்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் எழுந்து அவள் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கழுவி வைக்கிற சத்தம் கேட்டது.

அங்கிருந்தே, முகத்தைக் காட்டாமல், "உப்பு இல்ல," என்றார். பிறகு, "நீ போ. நான் நடந்துட்டேன்," என்றார்.

*

அடுத்த திங்கட்கிழமை டிப்போ டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். பிசியோ கடைசியாக ஒரு தடவை மரப்படிக்கட்டில் ஏறி இறங்கச் சொன்னாள். அவளும் கூடப் போயிருந்தாள்.

"ஏறும்போது நல்ல கால் முன்னால. இறங்கும்போது அடிபட்ட கால் முன்னால. மறந்துடக் கூடாது. வீட்டுக்காரம்மா, நீங்க பின்னால நிக்க வேணாம். தள்ளி வாங்க. இன்னும் தள்ளி. விழ மாட்டார்."

அவள் தள்ளி வந்து சுவரோரம் நின்றாள். நாலு மாசமாக எதையாவது பிடித்துக்கொண்டே இருந்த கைகள், என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கின. இன்னொரு முழங்காலையும் மாற்றிக்கொண்டு வந்திருந்த மீன்காரம்மா, "பார்த்தியா, ஜெயிச்சுட்ட," என்று அவள் தொடையில் தட்டினாள். அவள் தலையாட்டினாள்.

வியாழக்கிழமை கிளம்பினாள். மகளிடம் போனில் சொன்னாள். மகள் அழுதாள், அப்புறம் அப்பாவிடம் பேச வேண்டும் என்றாள். போனை அவரிடம் கொடுத்துவிட்டு இவள் வெளியே போய் நின்றாள்.

பஸ் நிலையம் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர். ஆட்டோ வேண்டாம் என்று டிரைவர் சொல்லிவிட்டார். வலது கையில் கோலும் இடது கையில் அவளுடைய பையுமாக நடந்தார். அவள் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. டீக்கடை வாசலில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். நல்ல வெயில். வழியெல்லாம் டிரைவர்களும் கண்டக்டர்களும் "என்னண்ணே, நடந்துட்டீங்க போல!" என்று கூப்பிட்டார்கள். அவர் கோலைத் தூக்கிக் காட்டினார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. பையை முதலில் படிக்கு மேலே வைத்துவிட்டு, அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் விலகி வழிவிட, டிரைவர் படியில் நல்ல காலை முன்னால் வைத்து உள்ளே ஏறினார். இருக்கைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்தப் பக்கம் உட்காராத. நாலு மணி வரைக்கும் வெயில் மூஞ்சியில அடிக்கும். இதுல உட்காரு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல. பாலம் தாண்டினதும் பதினாலு கிலோமீட்டர் ரோடு ரொம்ப மோசம். பின்னால உட்கார்ந்தா முதுகு போயிடும். தண்ணி குடிக்கறதுன்னா பாலத்துக்கு முன்னாடியே குடிச்சுடு. அப்புறம் வாயில ஊத்தினா மேலதான் கொட்டும்."

"சரி," என்றாள்.

அடிபட்ட காலை முன்னால் வைத்து இறங்கினார். இறங்கி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். வண்டி உறுமி நகர்ந்தபோது, அவள் வாயில் பழக்கதோஷத்தில் "வர்றேன்" என்று வந்துவிட்டது. வீட்டை விட்டு நாலு அடி போனாலும் சொல்கிற வார்த்தைதான். டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

அவர் சொன்ன இருக்கையில் வெயில் படவில்லை. பாலத்துக்கு முன்னால் ஞாபகமாக இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து, மூடியை இறுக்கி, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பாலம் வந்தது. கீழே ஆறு ஒரு ஓரமாகக் கொஞ்சம் ஓடியது. பாலம் முடிந்தது. அவள் கையை இன்னும் இறுக்கினாள்.

வண்டி குலுங்கவில்லை.

ஒரு கிலோமீட்டர் போயிற்று. அப்போதும் குலுங்கவில்லை. எட்டிப் பார்த்தாள். ரோடு கன்னங்கரேலென்று கிடந்தது. நடுவில் வெள்ளைக்கோடு புதிதாகப் பளிச்சென்று இருந்தது. தார் வாசனைகூடப் போகவில்லை. இந்த நாலு மாசத்தில் எப்போதோ போட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ரொம்ப நேரம் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்தாள். அவருக்கு அவள் போன் செய்கிற வழக்கமே இல்லை; செய்தாலும் அந்தப் பக்கம் ஒரு "ம்" வரும், அதற்குமேல் என்ன பேசுவது?

"சொல்லு," என்றார் டிரைவர். பஸ் நிலையத்தின் இரைச்சல் பின்னால் கேட்டது. இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

"ரோடு போட்டிருக்காங்க."

"எந்த ரோடு?"

"பாலம் தாண்டி. புதுசா. குலுங்கவே இல்ல."

அந்தப் பக்கம் பேச்சில்லை. அவளுக்குப் பழகிய மௌனம்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, வைத்துவிடலாம் என்று காதிலிருந்து எடுக்கப் போனாள்.

"எதுவரைக்கும் போட்டிருக்கான்?" என்றார்.

"தெரியல. போயிட்டே இருக்கு."

"செங்கல் சூளைத் திருப்பத்துல ஒரு பெரிய பள்ளம் இருக்கும். எட்டு வருஷமா அதுக்காக ஸ்டியரிங்க ஒடிச்சு ஒடிச்சுத்தான் ஓட்டினேன். அத மூடிட்டானான்னு பாரு."

"திருப்பம் இன்னும் வரல."

"வரட்டும்," என்றார் டிரைவர். "வைக்காத."

அவள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தபடியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.